உள்ளே போக இடமில்லாதவர்

தனி ஆள் நாடகம் பார்க்கப் போனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். நடிகர் எப்போது தண்ணீர் குடிக்கிறார் என்று கவனித்துக்கொண்டிருப்பேன். பத்துப் பேர் நடிக்கும் நாடகத்தில் இந்தக் கவலை இல்லை. ராஜா பேசும்போது மந்திரி சும்மா நிற்கலாம். தன் வசனம் முடிந்ததும் உள்ளே போய் விசிறிக்கொள்ளலாம், மூக்கைச் சிந்தலாம், ஒரு பீடிகூடப் பிடிக்கலாம். தனி ஆளுக்கு அந்த ‘உள்ளே’ கிடையாது. ராஜாவும் அவரே, மந்திரியும் அவரே. இருமல் வந்தால் அது யாருடைய இருமல் என்று அவர்தான் முடிவு செய்தாக வேண்டும்.

இதில் முன்யோசனைக்காரர் ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ். தன் கதைகளைத் தானே வெட்டிச் சுருக்கி, ஊர் ஊராகப் போய் ஒற்றை ஆளாக நடித்துக்காட்டும் தொழிலில் 1858இல் இறங்கினார். விளம்பரத்தில் அதற்கு ‘வாசிப்பு’ என்று பெயர். மேசையை அவரே வடிவமைத்தார். உடம்பு மறையாதபடி மெல்லிய கால்கள், இடது கையை ஊன்றிக்கொள்ள ஒரு கட்டை, தண்ணீர் வைக்க ஒரு தட்டு. கையில் புத்தகம் இருக்கும். ஆனால் முழுக்க மனப்பாடம். எங்கே விரல் நீட்ட வேண்டும், எங்கே நடுங்க வேண்டும் என்று அதன் ஓரங்களில் தனக்குத் தானே குறித்தும் வைத்திருந்தார். ஒரு கதையை மேடையேற்றுமுன் இருநூறு தடவை ஒத்திகை பார்த்ததாகச் சொல்கிறார்கள். புத்தக வெளியீட்டு விழாக்களில், சொந்தக் கதையையே முதன்முதலாகப் பார்ப்பவர்போல் தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டு வாசிக்கும் எழுத்தாளர்களிடம் இதைச் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுக்கும். சொன்னதில்லை. அடுத்த விழாவுக்கும் காப்பி வேண்டுமே.

அந்த இருநூறு ஒத்திகைக் கதை ‘டாக்டர் மேரிகோல்ட்’. டிக்கன்ஸ் தன் வாரப் பத்திரிகையின் 1865 கிறிஸ்துமஸ் மலருக்காக எழுதியது. மேரிகோல்ட் வைத்தியன் அல்ல. பிரசவம் பார்த்த டாக்டரின் நினைவாக வைத்த பெயர். தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், வண்டிப் படியில் நின்று, வாய்ஜாலத்தால் கூட்டத்தைச் சிரிக்கவைத்து விற்கிறவன். மனைவி முன்கோபி, மகள் சோஃபியை அடிப்பாள். அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. பையில் காசில்லை, வியாபாரம் நடந்தே ஆக வேண்டும். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியில் நிற்கிறான். கூட்டத்துக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு, குழந்தையின் காதில் ஒரு கிசுகிசு. மறுபடி வேடிக்கை, மறுபடி கிசுகிசு. ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் தோளில் குழந்தையின் உயிர் போகிறது. அவன் அலறவில்லை. தள்ளாடி வண்டிக்குள் போய், கதவைச் சாத்து, அந்தச் சிரிக்கிற ஜனங்கள் பார்க்க வேண்டாம் என்கிறான் மனைவியிடம்.

பிறகு அவள் போய்ச்சேருவதும், அவன் காது கேளாத, வாய் பேசாத ஒரு சிறுமியை எடுத்து அதே சோஃபி பெயரை வைத்து வளர்ப்பதுமாகக் கதை இதமான முடிவை நோக்கிப் போகிறது. என் மனம் அந்தக் கதவைத் தாண்டுவதில்லை. ஊர் ஊராகப் போய், உயரத்தில் நின்று, பேசிப் பேசிப் பிழைக்கிற ஒருவனை, அதே பிழைப்பில் இருந்த இன்னொருவர் நடித்திருக்கிறார். எழுதும்போது அவருக்கு அது உறைத்ததோ என்னவோ. மேடையில் நின்றபோது உறைக்காமல் இருந்திருக்காது.

ஏனென்றால் 1867 டிசம்பரில் பாஸ்டனில் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கிச் சில வாரங்களிலேயே அவருக்குச் சளி பிடித்துக்கொண்டது. ஊர் திரும்பும்வரை விடவில்லை. கால் வீங்கியது, சாப்பாடு இறங்கவில்லை. அவர் உயிர் பிடித்திருந்த விதத்தை ஒரு கடிதத்தில் மணிவாரியாக எழுதியிருக்கிறார்: காலை ஏழுக்குப் படுக்கையிலேயே ஒரு டம்ளர் பாலேட்டில் இரண்டு கரண்டி ரம், பன்னிரண்டுக்கு ஷெர்ரி கலந்த பானமும் ஒரு பிஸ்கட்டும், மூன்றுக்குச் சாப்பாடு என்ற பெயரில் ஷாம்பெயின், எட்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஷெர்ரியில் அடித்த முட்டை, இடைவேளையில் சூடான மாட்டிறைச்சிச் சாறு, எல்லாம் முடிந்தபின் சூப். நம் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருந்தால் ரசம் சோறு போட்டுப் படுக்கவைத்திருப்பார்கள். இந்தச் சாப்பாட்டில் 76 நிகழ்ச்சிகளை முடித்தார். லாபம் ஏறக்குறைய 19,000 பவுன். முன்வரிசையில் சிரித்தவர்களுக்கு முட்டையும் தெரியாது, காலும் தெரியாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். 1869இல் ‘ஆலிவர் ட்விஸ்ட்’டிலிருந்து நான்சி கொலையுண்ணும் பகுதியை மேடைக்குக் கொண்டுவந்தார். அடிக்கிறவனும் அவரே, அடிபடுகிறவளும் அவரே. முடிந்ததும் சோபாவில் கிடத்துவார்கள். சில நிமிடம் பேச்சு வராது. 1870இல் லண்டனில் விடைபெறும் நிகழ்ச்சிகள். டாக்டர் ஃபிராங்க் பியர்ட் கூடவே இருந்து நாடி பார்த்தார். சாதாரணமாக 72 துடிக்கும் நாடி 124 வரை ஏறியது. பியர்ட் மேடையின் பக்கவாட்டில் படிகள் போடச் சொல்லி, மூத்த மகனைத் தினமும் அங்கே இருக்கவைத்தார். அப்பா தடுமாறினால் ஓடிப்போய்த் தாங்கிக் கொண்டுவந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லார் முன்னாலும் செத்துப்போவார் என்றாராம். மேரிகோல்டுக்கு வண்டிக் கதவு என்றால், அவனைப் படைத்தவருக்கு அந்தப் படிகள். மார்ச் 15இல் கடைசி நிகழ்ச்சி. ஜூன் 9இல் மரணம்.

1951இல் நடிகர் எம்லின் வில்லியம்ஸ் டிக்கன்ஸின் தாடியை ஒட்டிக்கொண்டு, அந்த மேசையைப் போலவே ஒன்றைச் செய்துகொண்டு உலகம் சுற்றினார். 2008இல் எடின்பரோவில் நடிகர் சைமன் கேலோ மேரிகோல்ட் கதையையும் இன்னொரு சிறுகதையையும் சேர்த்துத் தனியாக நடித்தார். மேசை மாறலாம், தாடி உதிரலாம். கதவில்லாத வண்டி மட்டும் அப்படியே கைமாறுகிறது.

தயாரிப்பாளர்களுக்குத் தனி ஆள் நாடகம் பிடிக்கும்: ஒரு ரயில் டிக்கெட், ஒரு ஓட்டல் அறை. டிக்கன்ஸ் கணக்கு அப்படியில்லை. மேலாளர், உதவியாளர், விளக்குக்காரர் என்று ஒரு பரிவாரமே கூடப் போனது. இடைவேளையில், “ஒரே ஆள்தானே, டிக்கெட் ஏன் இவ்வளவு?” என்று முணுமுணுப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கூட்டமாக நடித்தால் தேய்மானத்தைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். இங்கே தேய்வதற்கும் ஒரே ஆள்தான். என்னைக் கேட்டால், கட்டணத்தை இன்னும் கொஞ்சம் கூட்டலாம்.