மார்கழியில் மொட்டை

மல்லிகை கிலோ 3,000 ரூபாயைத் தாண்டியது என்று மார்கழியில் பேப்பரில் படித்தேன். மதுரை அவனியாபுரத்து நண்பர், "வாங்க, ஒரு தோட்டத்தைக் காட்டுறேன்" என்றார். அந்த விலைக்குப் பூப் பறிக்கிறவரைப் பார்க்கும் ஆவலோடு போனேன்.

20 சென்ட் இடம். மூன்று பக்கமும் மாடி வீடுகள். உள்ளே ஒரு பூ இல்லை, இலைகூட இல்லை. 500 செடியும் முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக நின்றன.

"கவாத்து முடிஞ்சு பத்து நாளாச்சு தம்பி," என்றார் தோட்டத்துக்கார அம்மா. அறுபதை நெருங்கும் வயது. கையில் கத்தரி; அதன் கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. தங்கச்சிமடத்திலிருந்து பதியன் வாங்கிவந்து நட்ட வருஷம் அவர் வீட்டுக்காரர் வாங்கிய கத்தரி. அவர் இறந்த வருஷம் இந்தக் கத்தரியைத் தொட அம்மாவுக்கு மனசு வரவில்லை. செடி அப்படியே கிடந்தது. "குச்சி குச்சியா நீண்டுச்சு. அந்தப் பங்குனிக்குக் கால் கிலோ தேத்துறதே பெரும்பாடு." மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும், பழைய கிளையை வெட்டினால்தான் தளிர் வரும். மறுவருஷம் தானே வெட்டினார். அன்றிலிருந்து வேறு யார் கையிலும் கத்தரியைக் கொடுப்பதில்லை.

விலை ஏறிய நேரத்தில் வெட்டலாமா என்று கேட்டேன். வெட்டாமல் விட்டாலும் பனியில் ஒரு கைப்பிடிதான் கிடைக்குமாம். பூ இல்லாததால்தான் அந்த விலை. தள்ளி வெட்டினால் பங்குனி முகூர்த்தம் கைவிட்டுப் போகும்.

பங்குனியில் மறுபடி போனேன். விடியுமுன் நான்கு மணி. தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, மடியில் பறித்துக்கொண்டிருந்தார். மலரக் காத்திருக்கும் வெள்ளை மொட்டுக்குத்தான் காசு. வெயில் ஏறினால் மதிப்பு இறங்கிவிடும். மேற்கு வரிசையில் மட்டும் மொட்டு குறைவு. பக்கத்து மூன்று மாடி வீட்டின் நிழல் மதியத்துக்கு மேல் அங்கேதான் விழுகிறது. மல்லிகைக்கு முழு வெயில் வேண்டும். ஊதா நிறமாகிச் சுருங்கிய மொட்டுகளைத் தனியே கிள்ளி எடுத்தார். ஈ முட்டையிட்ட மொட்டுகள் அவை. செடியடியில் போடாமல் எரித்துவிடுவாராம்.

சித்திரையில் ஒரு நாளைக்கு 6 கிலோ வந்தது. விலை கிலோ 200 ரூபாய். அவர் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருக்கிறார், மகள் கல்யாணத்துக்கு. அதனால் வேறு கடைக்குப் பூவைக் கொண்டுபோக முடியாது. எடை போடுவதும் அந்தக் கடை, விலை சொல்வதும் அந்தக் கடை. நனைந்த பூ என்று கழிப்பதும் அதுவே. மார்கழிச் செய்தியில் வந்த 3,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூட இந்த அம்மா கண்ணில் படவில்லை. சித்திரையில் விழும் விலை மட்டும் முழுசாக அவர் தலையில் விழுகிறது. இதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயருக்குக் காவல் வந்தது நல்லதுதான். பறிக்கிற கைக்குக் காவலாக எந்தத் தாளும் இல்லை.

ஐப்பசியில் கடைசியாகப் போனபோது மழை. செடிகளில் இலைதான் அதிகம். அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கத்தரி இல்லை. சாணை பிடிக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.