நந்தன் ராணியின் பாவாடை

மனுதர்மம், பத்தாம் அத்தியாயம், 52-ஆம் சுலோகம். சண்டாளர்கள் செத்தவர்களின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த கலத்தில் தின்ன வேண்டும், இரும்பு நகைதான் போட வேண்டும் என்கிறது. உடுப்புக்குப் போய் ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்? தூரத்தில் வரும்போதே ஆள் யாரென்று தெரிந்துவிட வேண்டும். வாயைத் திறந்து சாதியைக் கேட்கிற வேலை மிச்சம்.

இதெல்லாம் என்றோ நடந்த சங்கதி என்று தள்ளிவிட முடியாது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். அன்றைய சென்சஸ் கமிஷனர் ஹட்டன் அவற்றைத் தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப் வெட்டக் கூடாது. குடை, செருப்பு கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது.

இந்தப் பட்டியலை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். யாரும் போடாத சட்டைக்கு எவனும் தடை போடமாட்டான். நம்மவர்கள் அதற்கு முன்பே போட ஆரம்பித்திருக்கிறார்கள். எவளோ ஒருத்தி காதில் தோட்டோடு, தலையில் பூவோடு தன்னைக் கற்பனை செய்து பார்த்திருக்கிறாள். ஊர்க்காரர்களுக்கு அந்தக் கற்பனைதான் பொறுக்கவில்லை.

பட்டணத்தில் இப்படி யாரும் தண்டோரா போடவில்லை. ஆனால் பழைய துணி வந்தது. என் ஆயா மயிலாப்பூரில் நாலு வீட்டில் பத்துப்பாத்திரம் தேய்த்தவள். தீபாவளி, பொங்கல் வந்தால் அந்த வீடுகளின் பழம்புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டு பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்த எங்கள் குடிசைக்கு வருவாள். ரசகற்பூர வாசனை அடிக்கும். அந்தப் புடவைகளை அப்படியே கட்ட அவள் யாரையும் விட்டதில்லை.

“இத்த அப்படியே சுத்திக்கினா நீ அந்தம்மா வூட்டு மிச்சம். கத்திரி போட்டு தெச்சுட்டா உன்னுது.”

துவைத்துக் காயப்போட்ட புடவையைப் பாயில் விரித்து, கிழிசல் எங்கே, சாயம் போன இடம் எங்கே என்று பார்ப்பாள். நல்ல பாகம் பாவாடைக்கு. கரை தனி. முந்தானை சட்டைக்கு. துணி போதவில்லை என்றால் தி.நகர் பாண்டி பஜார் டெய்லர் கடைகளில் கழித்துப்போட்ட வெட்டுத்துணிகளைச் சித்தி பொறுக்கிக்கொண்டு வருவாள். வாடகைத் தையல் மெஷினைச் சித்திதான் மிதிப்பாள், ஆயா பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வாள். பச்சைத் துண்டா, அது பர்மாவுக்குக் கப்பலேறிய பாட்டன் கொண்டுவந்த பட்டு. கருப்புக் கரையா, அது ராத்திரியில் ஏரி காத்தவன் போர்த்திய கம்பளி. பொய்தான். பொய் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பாவாடையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கும்போது நாங்கள் யார் வீட்டு மிச்சமும் இல்லை.

ஐந்தாம் வகுப்பில் மாறுவேடப் போட்டி வந்தது. யார் யார் என்ன வேஷம் என்று டீச்சர் பெயர் எழுதினார். பாரதமாதா, ஜான்சி ராணி, ஆண்டாள் எல்லாம் போய்விட்டது. என்னைப் பார்த்து, “நீ தெரு கூட்டற பொண்ணா வந்துடு. உனக்குச் செலவில்லை” என்றார். வீட்டில் வந்து சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆயாதான் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

“தெரு கூட்றதுக்கு இன்னாத்துக்கு வேசம்? அத்த தெனம் நான் செய்றேன். நீ நந்தன் ராணி.”

அரக்குப் பட்டுப் புடவை ஒன்று இருந்தது, மடிப்பெல்லாம் இற்றுப்போனது. கிழிந்த இடங்களைக் கொசுவத்துக்குள் மறைத்துப் பாவாடை தைத்தார்கள். ஜரிகைக் கரை கழுத்துப்பட்டி ஆனது. அட்டையில் கிரீடம், அதன்மேல் சிகரெட் பெட்டி ஜிகினாத்தாள். மேடையில் என்ன சொல்ல வேண்டும் என்பதும் ஆயா வாய்தான்: நான் நந்தன் ராணி, எங்க கோட்டைக்கு நாலு வாசல், எந்த வாசல்லயும் யாரையும் நில்லுன்னு சொன்னதில்ல.

டீச்சர் சிரித்தார். “நந்தனாருக்கு ஏதுடி ராணி? அவர் கோயிலுக்கு வெளியே நின்னவராச்சே?”

பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி கூடவே வந்தது. பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழாவில் நந்தனார் நாயன்மார்களில் ஒருவராக மாட வீதிகளில் வலம் வருவார். அவரைத்தான் டீச்சருக்குத் தெரியும். நந்தனை அரசன் என்று சொல்கிற வழக்கும் நம்மிடம் உண்டு, அயோத்திதாசர் அதை எழுதியிருக்கிறார் என்று கல்லூரி முடித்த பிறகுதான் படித்தேன். அவருடைய ‘ஒரு பைசாத் தமிழன்’ 1907-ல் ராயப்பேட்டையிலிருந்து வந்தது. மயிலாப்பூரிலிருந்து நடக்கிற தூரம். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. அந்தக் கதை அவளிடம் காதுவழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அவள் அதை ஊசியில் கோத்தாள்.

அண்ணல் அம்பேத்கருக்கு இந்த ஊசியின் வலிமை தெரியும். 1927 டிசம்பர் 25-ல் மகாட் மாநாட்டில் மனுதர்மத்தைக் கொளுத்தினார்கள். அந்த மாநாட்டை ஒட்டியே அவர் பெண்களிடம் தனியாகப் பேசினார். புடவை கட்டும் விதத்தை மாற்றுங்கள், சாதியைக் காட்டிக்கொடுக்கிற கனத்த நகைகளைக் கழற்றுங்கள் என்றார். 1921-ல் மதுரையில் சட்டையைக் கழற்றிய காந்தி மகாத்மாவாகவே இருந்தார். கழற்ற ஒரு சட்டை இருந்தவருக்கு அது தியாகம். சட்டையே மறுக்கப்பட்டவர்களின் தலைவர் கோட்டு சூட்டில் நின்றார். சேரிக்குச் சேரி நிற்கிற சிலைகளில் அந்த நீலக் கோட்டைத்தான் நம் ஜனங்கள் தேடிப் பிடித்துத் தீட்டியிருக்கிறார்கள்.

இப்போது என் அண்ணன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். 2000-க்குப் பிறகு நகரத்துக் குடிசைகளைப் பிரித்து ஜனங்களைக் கண்ணகி நகருக்கு ஏற்றினார்களே, அதில் எங்கள் குடும்பமும் ஒன்று. அவள் அடையாறில் ஒரு அலுவலகத்துக்கு இண்டர்வியூ போனாள். சித்தியிடம் கற்ற தையலில் தானே வெட்டித் தைத்த குர்தா, கழுத்தைச் சுற்றி நீலக்கரை. வேலை கிடைத்தது. விலாசத்தைப் பார்த்த அம்மையார், “உன்னைப் பார்த்தா கண்ணகி நகர் மாதிரியே தெரியலையே” என்று பாராட்டினாராம்.

“அத்தே, இதுக்கு நான் சந்தோஷப்படணுமா?” என்று கேட்டாள்.

நல்ல உடுப்பு நம்மை மறைத்துவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். வாடகை வீட்டுக்காக, வேலைக்காக மறைத்துக்கொள்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ‘சைவம் மட்டும்’ என்று போர்டு தொங்குகிற தெருவில் குடியேற என்னென்ன வேஷம் வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வேஷத்துக்கு அளவெடுத்தவன் சாதிக்காரன். ஆயா தைத்தது அப்படி இல்லை. கால்வாய்க்கரைப் பெண் ராணியாகவும் இருப்பாள் என்று அது ஊரறியச் சொன்னது. அண்ணன் மகளிடம் இதைத்தான் சொன்னேன். மறுவாரம் அவள் அந்த அம்மையாரிடம், “கண்ணகி நகர் இப்படித்தாங்க மேடம் இருக்கும்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தோழர்களே, பட்டினியை எழுதினோம், அடி வாங்கியதை எழுதினோம். எழுதத்தான் வேண்டும். நம் பெண்கள் கத்திரியும் கதையுமாக உட்கார்ந்து தைத்தார்களே, அதை யார் எழுதுவது? ஒட்டுப்போட்ட பாவாடை, கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய கோட்டு, பேரணிக்கென்று எடுத்த நீலப் புடவை என்று ஒவ்வொரு டிரங்குப் பெட்டியிலும் ஒன்று கிடக்கும். உங்கள் ஆயாக்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.