வார்டு மேஜை உத்தியோகம்

உள்நோயாளிகள் வார்டில் டாக்டரும் நர்ஸும் செய்யும் காரியம் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் கேஸ் ஷீட்டுகளை ஒழுங்குபடுத்தி, ரத்தப் பரிசோதனைச் சீட்டை லேபுக்கு அனுப்பி, ஓயாமல் ஒலிக்கும் தொலைபேசிக்குப் பதில் சொல்லி, எந்தக் கட்டில் எப்போது காலியாகும் என்று அட்மிஷன் கவுண்டருக்குத் தெரிவிக்கும் வார்டு செகரட்டரியின் உத்தியோகம் இன்னதென்று என் வீட்டாருக்கே இன்னும் விளங்கவில்லை.

எங்கள் சாமர்த்தியமெல்லாம் பரீட்சிக்கப்படுவது டிஸ்சார்ஜ் வேளையில்தான். காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர், "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று பிரசன்ன வதனத்தோடு சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார். அந்த க்ஷணமே பையைக் கட்டிவிடும் உறவினருக்கு, டிஸ்சார்ஜ் சம்மரி தயாராகி, உபயோகிக்காத மருந்துகள் பார்மஸிக்குத் திரும்பி, பில் முடிந்து, அதன் பிறகே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் காகிதம் போகும் என்பதை யார் எடுத்துச் சொல்வது? நான்தான். டிஸ்சார்ஜ் கோரிக்கை கிடைத்த 3 மணி நேரத்துக்குள் கம்பெனி இறுதி அனுமதி தர வேண்டுமென்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் விதித்திருப்பது நியாயமான காரியமே, ஆயினும் அந்தக் கெடு தொடங்குவது எங்கள் கோரிக்கை அவர்களைச் சேர்ந்த பிறகுதான் என்பதால், "டாக்டரே போகச் சொல்லியாச்சு, நீங்க எதுக்குத் தம்பி நிறுத்தி வெச்சிருக்கீங்க?" என்ற கேள்விக்கு நான் தினந்தோறும் பாத்திரமாகிறேன். அதில் எனக்கு விசனமில்லை.

உண்மையில் எனக்குப் பயம் தருவது, ஒரே பெயருடைய இருவர் ஒரே வார்டில் படுத்திருக்கும் நாள்; அன்று ஒவ்வொரு சீட்டிலும் பதிவு எண்ணை இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்ப்பேன். சிஸ்டர்கள் பரிகசிக்கிறார்கள், பரிகசிக்கட்டும்.