திங்கட்கிழமை மனு

தருமபுரி ஆட்சியர் அலுவலக வாசல். மக்கள் குறைதீர்க்கும் நாள். உள்ளே போகிற ஒவ்வொரு பையையும் போலீசார் சோதிக்கிறார்கள். மண்ணெண்ணெயோடு வந்து உடம்பில் ஊற்றிக்கொண்டவர்களைப் பல மாவட்டங்கள் பார்த்துவிட்டன. பெண் காவலர் ஒருவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டுத் திருப்பித் தருகிறார். வாங்கிக்கொள்கிற அம்மாவுக்கு அறுபதுக்கு மேலிருக்கும். பென்னாகரம் பக்கம்.

மரத்தடியில் மனு எழுதுகிறவர் முன்னால் மஞ்சப்பையைப் பிரிக்கிறார். லேமினேட் செய்த டெபாசிட் பத்திரம். நிறுவனத்தின் பெயர் தங்க எழுத்தில். மேல் மூலையில், பிளாஸ்டிக்குக்கு அடியில், வாங்கிய அன்று சாமி படத்தின் முன் வைத்துத் தொட்ட மஞ்சள் தடம்.

"எவ்ளோம்மா கட்டினீங்க?"

"மூணு லட்சங்க சார். புளி வித்த காசு. மவன் பெங்களூருல கட்டட வேலை செஞ்சு அனுப்புனது."

"புகார் குடுத்தாச்சா?"

"குடுத்தோங்க. ஆளைப் புடிச்சாங்க. ஜாமீன்ல வந்துட்டான். போன மாசம் அவம் பொண்ணு கல்யாணம், மண்டபத்துல."

எழுதுகிறவரின் பேனா நிற்கிறது. பிறகு ஓடுகிறது.

இந்த அம்மாவைப் போன்றவர்களுக்காகவே 1997இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது: முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். பத்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். மோசடிக்காரரின் சொத்தை அரசாணை போட்டு முடக்கலாம்; ஏலம் விட்டு, கட்டியவர்களுக்குப் பிரித்துத் தரலாம். நல்ல சட்டம்தான். உச்ச நீதிமன்றமும் 2011இல் அது செல்லும் என்றது. ஆனால் வழக்கை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் இருப்பது கோவையில். இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். ஒரு வாய்தாவுக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும், பஸ் காசும் போகும்.

தண்டனையே கிடைப்பதில்லை என்று சொல்ல முடியாது. திருப்பூர் பாசி நிறுவன மோசடி சுமார் 930 கோடி ரூபாய். அதன் இயக்குநர்கள் இருவருக்கு 2022 ஆகஸ்டில், பல குற்றங்களுக்கும் சேர்த்து, தலா 27 ஆண்டு சிறை. அபராதம் 171 கோடிக்கு மேல். கடுமையான தீர்ப்பு. ஆனால் புகார் கிளம்பியது 2009இல். நடுவே பதின்மூன்று வருடம். அறுபது வயதில் பணம் கட்டியவருக்கு அது மிச்ச ஆயுளில் பெரும்பகுதி.

மனு முடிந்துவிட்டது. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். எழுத்தெழுத்தாக, அழுத்திப் போடுகிறார்.

குற்றவாளி எத்தனை வருடம் உள்ளே இருப்பான் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பணம் எப்போது வரும் என்றுதான் கேட்டார். அதற்குப் பதில் சொல்வதும் நீதியின் வேலைதான். சிறப்பு நீதிமன்றம் மாதம் ஒரு நாளாவது தருமபுரியில் அமரட்டும். முடக்கிய சொத்தை ஏலம் விட அரசு ஒரு கெடு வைக்கட்டும்.