சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்

நம்மில் பலருடைய வீட்டு வாசலில் இன்று ஒரு சிறிய கார் நிற்கிறது. மாதத் தவணை கட்டி வாங்கிய கார். பிள்ளைகளைப் பள்ளிக்கும் பெற்றோரை மருத்துவமனைக்கும் ஏற்றிச் செல்கிற கார். அதை வாரந்தோறும் கழுவுகிறோம், கண்ணாடியைத் துடைக்கிறோம், டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆனால், ஓடுகிற காரை நிறுத்துகிற பாகத்தைக் கண்ணால் கண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? பிரேக் பேட் என்னும் அந்தச் சிறு பாகத்தைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

பெரும்பாலான சிறிய கார்களில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கும் இருக்கும். நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போது அந்த அழுத்தத்தைப் பிரேக் ஆயில் குழாய் வழியே சக்கரத்துக்குக் கொண்டுசெல்கிறது. அங்கே கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன், சுழலும் இரும்பு வட்டை இருபுறமும் இரண்டு பேடுகளால் இறுக்கிப் பிடிக்கிறது. பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கே வருகிறது. உள்ளங்கை அளவுள்ள நான்கு பேடுகள் அந்தப் பாரத்தைத் தாங்குகின்றன.

பேட் தேய்வது குறையன்று. தேய்வதற்காகவே அது செய்யப்படுகிறது. இதன் தொடக்கம் பழையது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்னும் ஜெர்மானியப் பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியில் தம் இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் பயணம் செய்தார். அந்த வண்டியின் பிரேக் கட்டைகள் வழியிலேயே தேய்ந்துபோயின. அவர் ஒரு செருப்புத் தைப்பவரிடம் சென்று, கட்டைகளின்மேல் தோலை வைத்து அடிக்கச் செய்தார். கட்டைக்குப் பதிலாகத் தோல் தேயட்டும், தேய்ந்தபின் தோலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதே அதிலுள்ள அறிவு. இன்றைய பேடும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஆகவே, மாற்றவேண்டிய நேரத்தை நாம் அறிந்திருக்கிறோமா என்பதே கேள்வி.

சில ஆண்டுகளுக்குமுன் நிகழ்ந்த ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். முதிய தாயார் ஒருவர், குன்னூரில் நோயுற்றுப் படுத்திருந்த தம் தங்கையைக் காண விரும்பினார். முழங்கால் வலியால் அவருக்குப் பேருந்தில் ஏற இயலாது. வாடகைக் காரும் அன்றிரவு கிடைக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் கோவையிலிருந்து என் காரில் அழைத்துச் செல்வதாகச் சொன்னேன். மலைப்பாதை என்பதால் அன்று மாலையே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் தம்பி சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிப்புறப் பேட் நன்றாகவே இருந்தது. ஆயினும் அவர் அதோடு விடவில்லை. சக்கரத்தைக் கழற்றினார். இடப்பக்கச் சக்கரத்தின் உட்புறப் பேட் 2 மில்லிமீட்டர்கூட இல்லாமல் தேய்ந்திருந்தது.

“ஐயா, வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து நம்பிடக் கூடாது. கேலிப்பர் நகர்ற பின் துரு ஏறி இறுகிக்கிச்சு. அதனால உள்பக்கம் மட்டும் தேய்ஞ்சிருக்கு” என்றார்.

புதிய பேட் காலையில் கடை திறந்த பிறகுதான் கிடைக்கும். தாயாரின் மகன் கலங்கினார். “சித்தி நிலைமை எப்படியோ? இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குல்ல ஐயா, போய்ட்டு வந்து மாத்திக்கலாமே” என்றார். அவரைக் குறைகூற இயலாது. நேரம் கடந்துவிடுமோ என்ற அச்சம் அவருக்கு. மூலையில் அமர்ந்திருந்த தாயார்தான் விடை சொன்னார்: “ஏறினா போதுமா தம்பி? இறங்கியும் வரணும்ல. மதியம் போவோம்.” மறுநாள் மதியம் புறப்பட்டோம். அன்று மாலை அக்காளும் தங்கையும் கையோடு கை சேர்த்து நெடுநேரம் அமர்ந்திருந்தார்கள். விரைந்து போகவேண்டும் என்ற மகனின் தவிப்பும், காத்திருப்போம் என்ற தாயின் பொறுமையும் ஒரே அன்பிலிருந்து பிறந்தவை என்று அன்று கண்டேன்.

அந்த 2 மில்லிமீட்டருக்கு ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும்? குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது வண்டி 1,300 மீட்டருக்கும் மேல் கீழே வருகிறது. ஆட்களோடு சேர்ந்து 1,000 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு தூரம் இறங்குவதால் வெளிப்படும் ஆற்றல், ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இதில் ஒரு பங்கைக் காற்றும் இன்ஜினும் ஏற்றுக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்கில் வெப்பமாக இறங்கும். ஆகவே, இறக்கத்தில் பிரேக்கின்மேல் காலை வைத்தபடியே வராதீர்கள். இரண்டாம் கியரிலோ, செங்குத்தான இடத்தில் முதல் கியரிலோ இறங்கி, இன்ஜினையே வண்டியைத் தடுக்கச் செய்யுங்கள். தேய்ந்த பேட் அந்த வெப்பத்தைத் தன்னிடம் நிறுத்திவைக்காமல் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்திவிடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகைப் புதிய ஆயிலின் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையாது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால், மிதித்த பெடல் எதிர்ப்பின்றி அடிவரை போய்விடும்.

ஆகையால், பிரியமானவர்களே, சில காரியங்களை மனத்தில் வையுங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், ஒவ்வொரு மலைப்பயணத்துக்கு முன்பும் சக்கரத்தைக் கழற்றி, இருபுறப் பேடுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது கீச்சென்ற ஒலி தொடர்ந்து வந்தால், அது பேடில் எச்சரிக்கைக்கென்றே வைத்த சிறு தகடு டிஸ்க்கில் உரசும் ஒலியாக இருக்கலாம். பாட்டின் சத்தத்தைக் கூட்டி அதை மறைக்காதீர்கள். எல்லாப் பேடுகளிலும் அந்தத் தகடு இருப்பதில்லை. எனவே ஒலி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்றும் எண்ணாதீர்கள். ஆயிலின் மட்டம் மெல்லக் குறைந்தால், மேலே ஊற்றி நிரப்புமுன் பேட் தேய்ந்திருக்கிறதா, எங்கேனும் கசிகிறதா என்று பாருங்கள். ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

மாற்றும்போது ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றாதீர்கள்; இடமும் வலமும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லையேல் வண்டி ஒருபுறம் இழுக்கும். கேலிப்பரை அதன் ஆயில் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தாங்கவைக்க வேண்டும். நகரும் பின்களைச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸைத் தடவ வேண்டும். எங்கள் வண்டியில் பழுது தொடங்கியது அங்கேதான். படிந்த தூசியை வாயால் ஊதக்கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின், வண்டியை நகர்த்துமுன், பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர்கள், புதிய பேட் டிஸ்க்கோடு படியும்வரை, அவசியமின்றித் திடீர் பிரேக் பிடிக்காமல் ஓட்டுங்கள்.

இவற்றையெல்லாம் நீங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. கேட்டால் போதும். “சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தீர்களா? உட்புறம் எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். பழைய பேடைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

நாம் பிரேக்கைப் பேணுவது நமக்காக மட்டுமன்று. பந்தைத் துரத்திச் சாலைக்கு ஓடிவரும் பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியாது. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நம்முடைய கார் நிற்கும் என்று நம்பியே அது ஓடிவருகிறது. நாம் அறியாத ஒருவர் நம்மேல் வைத்திருக்கும் அந்த நம்பிக்கைக்கு உண்மையுள்ளவர்களாய் இருப்போம். யாரும் காணாத உட்புறத்தை இவ்வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் பயணங்கள் நலமாய் அமைவதாக.