பாரம் ஏற்றியவர் யார்?

பரந்தனிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்கு வருகின்ற வீதியிலே விடியற்காலையில் நின்று பார்ப்பவர்கள் இரண்டு வகையான பயணிகளைக் காண்பார்கள். வீதியின் ஓரத்திலே வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் துவிச்சக்கர வண்டிகளில் போய்க்கொண்டிருப்பார்கள். வீதியின் நடுவிலே ஈரம் சொட்டச் சொட்ட மணல் சுமந்த ரிப்பர்கள் போய்க்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் சில வேளைகளில் ஒரு முழந்தான். அந்த ஒரு முழத்தை நம்பியே எங்கள் ஊர்த் தாய்மார் நாள்தோறும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள்.

2019ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒருநாள் அந்த ஒரு முழமும் இல்லாமற் போயிற்று. என்னிடம் ஒன்பதாந் தரத்தில் தமிழ் படித்த மாணவன் ஒருவன் பாடசாலைக்கு வரும் வழியில் ரிப்பர் மோதி இறந்தான். அவனுடைய தந்தை 2009ஆம் ஆண்டின் யுத்தத்தில் மாண்டவர். தாயார் கூலி வேலை செய்து அவனையும் அவன் தங்கையையும் வளர்த்தவர். வைத்தியசாலையில் மரண விசாரணை நடந்தபோது அந்தத் தாயாருக்குத் துணையாக நான் சென்றிருந்தேன்.

அங்கே வாங்கு ஒன்றில், பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் அருகே, வாகனத்தின் சாரதி உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். வகுப்பறையில் ஆசிரியரைக் கண்டு எழுகின்ற அதே பழக்கம்! அவனும் என் மாணவன். சாதாரணதரப் பரீட்சைக்குப் பின் குடும்பத்துக்காகப் படிப்பை விட்டவன்.

“சேர், நான் வேணுமெண்டு செய்யேல்ல. விடியப்புறம் ரெண்டு மணிக்குத் துடங்கினது. அது நாலாவது நடை. நடைக்குத்தான் காசு, சேர்” என்றான்.

நான் ஒன்றும் பேசவில்லை. செத்த பிள்ளையும் என் பிள்ளை. கொன்ற பிள்ளையும் என் பிள்ளை.

ஊரார் எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: விதி. தமிழிலே இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மனிதனால் மாற்ற முடியாததென்று கருதப்படும் ஊழும் விதி. மனிதனே எழுதி வைத்த சட்டமும் விதி. எங்கள் மக்கள் முதலாவது பொருளையே அறிவார்கள். இரண்டாவது பொருளை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. அதனால் யாருக்கு இலாபம் என்பதை அன்று நானும் உணரவில்லை.

நண்பர்களே, இந்த மரணங்களின் காரணத்தை அறிய ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை. சிறிது கணக்குப் போதும். மணலைக் கியூப் கணக்கில் விற்கிறார்கள். ஒரு கியூப் என்பது 100 கன அடி, ஏறத்தாழ 2.8 கன மீற்றர். ஆற்றிலிருந்து அள்ளிய ஈர மணல் கன மீற்றருக்கு 1.8 தொன் வரையில் நிறுக்கும். ஆகவே மூன்று கியூப் ஏற்றிய வாகனத்தின் முதுகிலே ஏறக்குறைய 15 தொன் மணல் இருக்கிறது. மேலே இன்னும் அரைக் கியூப் குவித்தால் இரண்டரைத் தொன் கூடுகிறது. அவ்வளவையும் நிறுத்த வேண்டியது அதே தடுப்புத்தான். வேகம் 40 கிலோமீற்றரிலிருந்து 60க்கு ஏறுமானால், தடுப்பு அடக்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்கன்று, இரண்டே கால் மடங்காகிறது. 60இல் ஓடும் வாகனம் ஒரு செக்கனில் 16 மீற்றருக்கு மேல் கடந்துவிடும். இரவு இரண்டு மணிக்கு எழுந்தவனுடைய கண் ஒரு செக்கன் சோர்ந்தால் அவ்வளவு தூரமும் வாகனம் சாரதியில்லாமல் ஓடுகிறது. அந்த உயரமான ஆசனத்திலிருந்து இடப்பக்க முன் சில்லுக்கு அருகே வரும் துவிச்சக்கர வண்டி கண்ணுக்கே தெரியாது.

அவன் ஏன் இரவு இரண்டு மணிக்கு எழுந்தான்? ஏன் வேகமாக ஓட்டினான்? அவனுக்கு மாதச் சம்பளமில்லை. நடைக்குக் கூலி. நான்கு நடை ஓடினால் வீட்டுக்கு அரிசி. ஆறு நடை ஓடினால் கடனுக்கும் கொஞ்சம். அத்துடன், 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி மணல் அகழ்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பத்திரமில்லாத மணல் இருட்டில் ஓடுகிறது; இருட்டில் ஓடுவது விரைந்து ஓடுகிறது. வேகத்தை மிதித்தது அவனுடைய கால்தான். அந்தக் காலை மிதிக்கச் செய்த கணக்கு வேறொருவருடைய கொப்பியில் இருந்தது.

செத்தவீடு முடிந்து எட்டாம் நாள், வாகன உரிமையாளரின் சார்பில் இருவர் தாயாரிடம் வந்தார்கள். மரணச் செலவுக்கென்று ஒரு தொகையையும் தட்டச்சுச் செய்த ஒரு தாளையும் கொண்டுவந்தார்கள். தாயார் என்னை அழைத்தார். “சேர், வாசிச்சுச் சொல்லுங்கோ. எனக்கு ஒண்டும் விளங்கேல்ல” என்றார். வாசித்தேன். பணத்தைப் பெற்றுக்கொண்டதாகவும், இனி எதுவும் கோருவதில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. வந்தவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். “வழக்கெண்டு போனால் வருசக் கணக்காய் அலைய வேணும், அக்கா” என்றார்கள். தாயார் என் முகத்தைப் பார்த்தார். பல்கலைக்கழகத்தில் படித்தவன், ஊரில் ‘சேர்’ என்று பெயரெடுத்தவன் நான் சொன்னேன்: “கிடைக்கிறதை வாங்குங்கோ, அக்கா.” அவர் கையெழுத்திட்டார்.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்து நீதி கேட்ட பெண்ணைப் பற்றி அடுத்த வாரமே வகுப்பில் பாடம் நடத்தினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அதன் பின்னரே சட்டத்தைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

இந்த நாட்டில் ஒரு வீதி மரணத்திலிருந்து இரண்டு வழக்குகள் பிறக்கலாம். முதலாவது அரசு தொடுப்பது. கவனயீனத்தால் மரணம் விளைவித்தவனுக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரையில் சிறையோ குற்றப்பணமோ இரண்டுமோ விதிக்கலாம். இது பெரும்பாலும் சாரதியோடு நின்றுவிடும். இரண்டாவது, இறந்தவரின் வருவாயையும் ஆதரவையும் நம்பியிருந்தோர் நட்டஈடு கேட்டுத் தொடுப்பது. தொழிலின் போக்கில் வேலையாள் இழைத்த தவறுக்கு எசமானும் பொறுப்பாளி என்பதால் இந்த வழக்கு முதலாளியின் வாசல் வரையில் போகும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், பிறருக்கு நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் காப்புறுதி இல்லாமல் எந்த வாகனத்தையும் வீதியில் விடக்கூடாதென்கிறது. வழக்காடப் பணமில்லாதவருக்கென 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. ஆனால் நட்டஈட்டு வழக்குக்கு இரண்டாண்டுக் கெடு உண்டு. அந்தத் தாள் ஒன்றே வழக்கின் வாயை அடைத்திராது என்று சட்டத்தரணி ஒருவர் எனக்குச் சொன்னபோது கெடு முடிந்துவிட்டிருந்தது.

எங்கள் நட்டஈட்டுச் சட்டம் ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோம-டச்சுச் சட்டத்தின் வழி வந்தது. அதன் மூலமான உரோமச் சட்டத் தொகுப்பிலே ஒரு வழக்கைக் கண்டேன். உரோமாபுரியில் கப்பிற்றோல் குன்றின் சரிவிலே பாரமேற்றிய இரண்டு வண்டிகளைக் கோவேறு கழுதைகள் இழுத்துச் சென்றன. முன்வண்டி பின்னோக்கிச் சரிந்து பின்வண்டியில் மோத, அந்தப் பின்வண்டி உருண்டு ஓர் அடிமைச் சிறுவனை நசுக்கிவிட்டது. யார்மேல் வழக்குத் தொடுப்பதென்று சிறுவனின் எசமான் கேட்டான். கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டினரான அல்பேனஸ் என்ற சட்ட அறிஞர், அது காரணத்தைப் பொறுத்தது என்றார். தாங்கி நின்றவர்கள் தாமாகவே கைவிட்டிருந்தால் அவர்கள் பொறுப்பு. கழுதைகள் மிரண்டதனால் அவர்கள் விலகியிருந்தால் கழுதைகளின் உரிமையாளன் பொறுப்பு. மிருகங்களும் மனிதரும் பாரத்தைத் தாங்க இயலாமற் போயிருந்தால் இவர்களில் எவர்மீதும் வழக்கில்லை.

இந்த மூன்றாவது விடையில் என் மனம் நின்றுவிட்டது. தாங்க இயலாத பாரத்தை வண்டியில் ஏற்றியவன் யார்? அந்தக் கேள்வி அங்கே கேட்கப்படவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாகியும் எங்கள் மரண விசாரணைகளில் அது போதிய உரத்துடன் கேட்கப்படுவதில்லை.

அதைக் கேட்கப் புறப்பட்டால் விடை என் வீட்டு வாசலுக்கும் வருகிறது. இந்திய வீட்டுத் திட்டத்தில் என் தாயாருக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கிடைத்தது. தறப்பாளின் கீழ் வாழ்ந்த எங்களுக்கு அது பெரிய கொடை. ஆனால் சுவர் எழும்ப எழும்பப் பணம் கரைந்தது. 2013இல் மணல் இறக்க வந்த சாரதியிடம், “தம்பி, அடுத்த நடையில கொஞ்சம் கூடப் போட்டுக்கொண்டு வா” என்று சொன்னவன் நான். அவன் குவித்துக்கொண்டு வந்தான். மகிழ்ந்தேன். எந்தப் பிள்ளையின் அருகால் அந்த வண்டி வந்ததோ, அறியேன்.

கன்றின்மேல் தேரேற்றிய மகனைச் சோழன் தண்டித்த கதையை மாணவர்க்குச் சொல்கிறோம். அதே கதையை மகாவம்சம் எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்கிறது. அங்கே தேர் அரச குடும்பத்துடையது, தேரூர்ந்தவனும் அக்குடும்பத்தவனே. நீதி சரியான வாசலைத் தட்டியது. இங்கே தேர் ஒருவருடையது, ஊர்பவன் வேறொருவன், இலாபம் முதலாமவருக்கு, சிறை இரண்டாமவனுக்கு. இதை நீதி என்று பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது?

நடைக்கூலி ஒழிந்து சாரதிக்கு மாதச் சம்பளமும் ஓய்வு நேரமும் உறுதியாக வேண்டும். பாரத்தை நிறுக்கும் தராசு ஆற்றங்கரையிலேயே இருக்க வேண்டும். மிகைப் பாரத்துக்கு ஏற்றுவித்தவரே முதலில் பதில் சொல்ல வேண்டும். பாடசாலை கூடும் வேளையிலும் கலையும் வேளையிலும் இந்த வாகனங்கள் நின்றே ஆக வேண்டும். இவற்றைப் பெற்றோரும் ஆசிரியரும் சாரதிகளும் ஒன்றாகக் கேட்டாலன்றி எவரும் தரமாட்டார்கள்.

இன்று ஒன்பதாந் தரத்தில் கட்டுரைப் பாடத்தோடு வேறொன்றையும் நடத்துகிறேன். பெயர்களை நீக்கி, அந்தத் தாளைப் போன்ற ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, “இதில் எழுதப்படாமல் விடப்பட்டது எது?” என்று கேட்கிறேன். சென்ற தவணையில் பின்வாங்கிலிருந்த பெண்பிள்ளை எழுந்து, “இரண்டு வருசக் கெடு, சேர்” என்றாள். அவள் இறந்தவனின் தங்கை.