ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்!

வீடியோ கேம்ல கார் ஓட்டுறது வெட்டிப் பொழுதுபோக்குன்னு நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்கவும்!

‘கிரான் டூரிஸ்மோ’ 1997-ல் தொடங்கிய ஜப்பான் கேம். இதில் காரின் ஸ்பிரிங், கியர், உயரம் எல்லாவற்றையும் நாமே மாற்றலாம். இதற்கு ‘செட்டப்’ என்று பெயர்.

விடுமுறையில் எனக்கும் குரோம்பேட்டை மாமா பையனுக்கும் போட்டி. ஜெயிக்கிற செட்டப்பில்தான் லீவு முழுக்க ஓட்டணும்! அவனுடையது தாழ்வான கார், விறைப்பான ஸ்பிரிங். என்னுடையது கொஞ்சம் மிருது. ஒரே கார், ஒரே டயர், சுமார் 2 கி.மீ. நீளமுள்ள சுகுபா டிராக். இரண்டு செட்டப்பிலும் ஆளுக்குப் பத்து சுற்று ஓட்டி, நேரத்தை ரஃப் நோட்டில் எழுதினோம்.

மிக வேகமான சுற்று அவன் செட்டப்பில்தான் வந்தது. “பாத்தியாடா!”ன்னு குதிச்சான். ஆனால் சராசரி போட்டால் என்னுடையது முந்தியது. காரணம், அவன் செட்டப்பில் வளைவுகளில் பின்பக்கம் வழுக்கி, கார் மண்ணில் இறங்கியது.

பிறகு அதில் பின் ஸ்பிரிங்கை மட்டும் தளர்த்தினோம். வழுக்கல் நின்றது, வேகம் குறையவில்லை. அந்த மூன்றாவது செட்டப்தான் இரண்டையும் ஜெயித்தது! நாலையும் ஒரேயடியா மாத்தியிருந்தா, எதனால சரியாச்சுன்னே தெரிஞ்சிருக்காது. அறிவியல் ஆய்வகத்திலும் இதே விதிதானே?

1990-ல் திறக்கப்பட்ட நம்ம இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலும் மெக்கானிக்குகளுக்கு நேரக்கணக்குதான் வழிகாட்டி. இந்தக் கேம் போட்டியில் 2008-ல் ஜெயித்த ஸ்பெயின்காரர் லூகாஸ் ஓர்டோனெஸ், 2011-ல் லெமான் 24 மணி நேர நிஜப் பந்தயத்தில் தன் பிரிவில் 2-ம் இடம் பிடித்தார்.

நண்பர்களே, விளையாடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும்!

— 9-ம் வகுப்பு மாணவன்